இரவில் ஒரு மணி நேரம் வீடியோ கேம் ஆடுவது என் தொழிலுக்கு உதவுமா?

கேள்வி: நான் காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே டிசைன் வேலை செய்கிறேன். ஆத்தங்குடித் தரைக்கல்லுக்குப் புதுப் பூ வரைந்து கொடுப்பது, கண்டாங்கிச் சேலைக்குக் கரை மாதிரி போடுவது, பழைய வீட்டை விடுதியாக மாற்றுகிறவர்களுக்கு அறைகளை அமைத்துக் கொடுப்பது என்று எல்லாம் கலந்த வேலை. பிள்ளை தூங்கிய பிறகு இரவில் ஒரு மணி நேரம் லேப்டாப்பில் வீடியோ கேம் ஆடுவேன். மனசு லேசாகிறது, சில நாள் வரைவதற்கு ஏதாவது தோன்றவும் செய்கிறது. ஆனால் எங்கள் அப்பச்சி, "பிள்ளை பெத்தவ ராத்திரியில உக்காந்து பொம்மை ஆட்டம் ஆடுறதா?" என்று வருத்தப்படுகிறார். இப்போது கானாடுகாத்தானில் ஒரு விடுதியின் நான்கு அறைகளுக்குப் புதுத் தரை மாதிரி கேட்டிருக்கிறார்கள். எதை வரைந்தாலும் பழைய மாதிரியாகவே வருகிறது. கேம் ஆடுவது என் தொழிலுக்கு உண்மையிலேயே உதவுமா, அல்லது ஆடுவதற்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்கிறேனா? உதவும் என்றால் எதை ஆடுவது, எவ்வளவு நேரம் ஆடுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உதவும். ஆனால் கேமில் பார்த்த ஒரு பூவையோ நிறத்தையோ எடுத்துக் கல்லில் போட்டுவிடலாம் என்று எண்ணி ஆடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பழைய வீடுகளைப் புதுப்பிப்பதையும் அவற்றின் உள்ளமைப்பை வரைவதையும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நான் கண்டது இது: நம் போன்றவர்களுக்குக் கேம் தருகிற பெரிய நன்மை, செலவில்லாமல் தவறு செய்து பார்க்க இடம் கொடுப்பதே. மற்ற நன்மைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் தொழிலில் ஒரு தவறுக்கு என்ன விலை என்று பாருங்கள். ஆத்தங்குடிப் பட்டறையில் கண்ணாடியின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் தகடு வளைத்துச் செய்த பூ அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் சிமெண்டும் மணலும் நிறமும் கரைத்த கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி, அதன்மேல் சாந்து போட்டு மட்டம் தட்டுகிறார்கள். பிறகு அது தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறிக் காய்ந்து, கண்ணாடி விலகும்போதுதான் கல்லின் முகம் கண்ணுக்குத் தெரிகிறது. புதுப் பூ என்றால் புது அச்சு வேண்டும். அச்சு செய்பவருக்குக் கூலி, பட்டறை ஆளின் ஒரு நாள் வேலை, ஊறிக் காயும் வரை காத்திருப்பு எல்லாம் கழிந்த பிறகுதான் அந்தப் பூ தேறுமா தேறாதா என்பது தெரியும். இப்படிப்பட்ட தொழிலில் பத்தை முயன்று ஒன்பதைத் தூக்கிப் போடு என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. அதனால் பட்டறைக்காரர் ஓடுகிற மாதிரியையே ஓட்டுகிறார்; அவருக்கு வரைந்து கொடுக்கும் உங்கள் கையும், பென்சிலை எடுத்த உடனே, ஏற்கெனவே விற்ற பூவின் பக்கம் போய்விடுகிறது. கற்பனை வறண்டுவிட்டதோ என்று நீங்கள் அஞ்சுவது கடிதத்தின் வரிகளில் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தவறினால் நஷ்டம் என்ற கணக்கு உங்கள் கைக்குள் குடியேறிவிட்டது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை இறக்கி வைக்கத்தான் கேம் நன்றாக உதவுகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த ஒருவர் ஏறக்குறையத் தனியாளாக உருவாக்கி 2021-ல் முழுமையாக வெளியிட்ட டவுன்ஸ்கேப்பர் என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெற்றி தோல்வி இல்லை, புள்ளி இல்லை, கடிகாரம் இல்லை. கடலின்மேல் ஒரு முறை தட்டினால் தரை எழும்புகிறது. அதே இடத்தில் மறுபடி தட்டினால் அதன்மேல் வீடு எழும்புகிறது. நிறத்தை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். எங்கே வளைவு வரும், எங்கே படி இறங்கும் என்பதைக் கேமுக்குள் இருக்கும் விதிகள் முடிவு செய்கின்றன. நான்கு பக்கமும் வீடு கட்டி நடுவில் வெறும் தரையை விட்டால் அந்த இடம் தானாகவே புல்லும் செடியும் உள்ள முற்றமாகிவிடுகிறது. வளவு, அதாவது நடுமுற்றம், வைத்த வீட்டில் வளர்ந்த நமக்கு அதைப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழாமல் இருக்காது: வெற்றிடத்தைச் சுற்றிக் கட்டுவதா, கட்டியதற்குள் வெற்றிடத்தை விடுவதா? இதைக் காகிதத்தில் யோசித்தால் அரை நாள் போகும். அங்கே ஒரு சுவரை எடுத்துவிட்டுப் பார்க்க ஒரு நொடி போதும், பிடிக்கவில்லை என்றால் திரும்ப வைக்க இன்னொரு நொடி. இப்படி ஒரு மாலையில் பல முறை கட்டிப் பல முறை கலைத்த கை, மறுநாள் வெள்ளைத் தாளின் முன் அவ்வளவு தயங்குவதில்லை.

அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இந்த இடத்தில் உங்களுக்குப் பயன்படும். 352 பேரைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரை, கட்டைகளை அடுக்கி எதையும் கட்டிப் பார்க்கும் மைன்கிராஃப்ட் என்ற கேமை இஷ்டம்போல் ஆடவிட்டார்கள். இன்னொரு குழுவினரிடம் அதே கேமைக் கொடுத்து, முடிந்தவரை புதுமையாக ஆடும்படி சொன்னார்கள். மற்றவர்கள் கார்ப் பந்தய கேம் ஆடினார்கள் அல்லது டிவி பார்த்தார்கள். 40 நிமிடம் கழித்து, பூமியில் இல்லாத ஓர் உயிரை வரைவது போன்ற பணிகளைக் கொடுத்தபோது, இஷ்டம்போல் ஆடியவர்களே முன்னால் நின்றார்கள். புதுமையாக ஆடு என்ற கட்டளையோடு ஆடியவர்கள் பின்தங்கினார்கள். ஒரே ஆய்வை வைத்து உலகத்துக்கே விதி எழுத வேண்டியதில்லை. ஆனாலும் உங்கள் நிலைக்கு இது அப்படியே பொருந்துகிறது. நான்கு அறைக்கும் புதுசாக வந்தே ஆக வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே கட்டளை போட்டுக்கொண்டு மேசைக்கு முன் உட்காருகிறீர்கள். அதே கட்டளையைக் கேமுக்குள்ளும் கொண்டுபோனால் அங்கேயும் பழைய பூதான் பூக்கும். ஆடும்போது ஆடுங்கள். குறிப்பு எடுப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மூளை கூர்மையாகும் என்று சொல்லி எந்தக் கேமையும் வாங்காதீர்கள். ஆத்தங்குடிக் கல்லை ஊற்றுகிறவர் அதன் முதுகுப் பக்கத்திலிருந்து ஊற்றுகிறார். முகம் கண்ணாடியைப் பார்த்துக் கிடக்கிறது. ஆகவே கல்லில் கொடி வலப்பக்கம் சுருள வேண்டுமென்றால் அச்சில் அது இடப்பக்கம் சுருள வேண்டும். இப்படி உருவத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் திறன் நம் தொழிலுக்கு உயிர் போன்றது. 2007-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், 10 மணி நேரம் ஆக்‌ஷன் கேம் ஆடியவர்களுக்கு இந்தத் திறன் கூடியது, அதிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாகக் கூடியது. ஆனால் 2018-ல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், கேம் பயிற்சியால் பொதுவான அறிவுத்திறன் உயர்வதற்குப் போதிய சான்று இல்லை என்று முடிவு சொன்னார்கள். துப்பாக்கிச் சண்டை கேம் ஆடினால் அச்சு வரைய வரும் என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அந்தத் திறன் வேண்டுமென்றால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்து பழகுவதே நேர்வழி.

விதிக்குள் நின்று வேலை செய்யப் பழக்குகிற கேம் வேண்டுமானால், பெர்லினில் மாணவர்கள் நால்வர் சேர்ந்து உருவாக்கிய டோர்ஃப்ரொமாண்டிக் இருக்கிறது. அறுகோணத் துண்டுகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்து, காட்டின் விளிம்போடு காடும் ஆற்றின் விளிம்போடு ஆறும் சேரும்படி ஒரு நிலப்பரப்பை வளர்த்துக்கொண்டே போவதுதான் ஆட்டம். நான்கு கல்லின் மூலைகள் ஒன்றுசேரும்போது ஐந்தாவதாக ஒரு பெரிய பூ பிறப்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு கல்லை அழகாக வரைவதைவிட அதன் விளிம்பைச் சரியாக வரைவதுதான் கடினம் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கேம் முழுக்க முழுக்க விளிம்பைப் பற்றியது.

அறைகள் அமைக்கும் வேலைக்கு வருவோம். தி சிம்ஸ் என்ற புகழ்பெற்ற கேமை உருவாக்கிய வில் ரைட், 1991-ல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் பரவிய பெருந்தீயில் தம் வீட்டை இழந்தவர். மறுபடி ஒரு வீட்டை அமைத்துக்கொள்ளும்போது, ஒரு மனிதனுக்கு வீட்டில் உண்மையில் எதெல்லாம் தேவை என்ற யோசனையிலிருந்து அந்தக் கேம் வளர்ந்தது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரின் சிந்தனைகளும் அதற்கு உரமாயின. முதலில் அவர் வீடு கட்டும் கருவியாகத்தான் அதை எண்ணினார். கட்டிய வீடு வசதியாக இருக்கிறதா என்று மதிப்பிடுவதற்காக உள்ளே மனிதர்களை விட்டார். 2000-ல் கேம் வெளிவந்தபோது அந்த மனிதர்களே அதன் மையமாகியிருந்தார்கள். விடுதி அறையை வரைகிறவர்களுக்கு இது நல்ல பாடம். அறை அழகாக இருக்கிறதா என்று நாம் பார்க்கிறோம். காலையில் எழுந்தவர் குளியலறைக்குப் போகும் வழியில் பெட்டி இடிக்கிறதா என்பதை ஆளை உள்ளே நடக்கவிட்டுத்தான் பார்க்க முடியும்.

மைன்கிராஃப்டில் ஒரு கட்டை ஒரு மீட்டர். அந்த அளவில் ஒரு செட்டிநாட்டு வீட்டை, முகப்புத் திண்ணை, நிலைக்கதவு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று இந்தத் தெருவிலிருந்து பின்தெரு வரைக்கும் எழுப்பி, அதற்குள் நடந்து பார்க்கலாம். ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு அமைப்பான யுஎன்-ஹேபிடாட், 2012-லிருந்து 'பிளாக் பை பிளாக்' என்ற திட்டத்தின் வழியாக இதே கேமைக் கொண்டு, வரைபடம் படிக்கத் தெரியாத மக்களையும் தங்கள் பூங்காவையும் தெருவையும் தாங்களே வடிவமைக்கச் செய்துவருகிறது. இதன் அருமையை நான் எங்கள் அலுவலகத்திலேயே கண்டேன். பல பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு வீட்டின் மூன்றாம் கட்டுப் பகுதியைத் தங்கும் அறைகளாக மாற்றும் வேலை. பங்குக்காரர்களில் பாதிப் பேர் மலேசியாவில் இருந்தார்கள். நாங்கள் அனுப்பிய வரைபடத்துக்கு எவரிடமிருந்தும் பதில் இல்லை. எங்களிடம் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் அந்தப் பகுதியை மைன்கிராஃப்டில் எழுப்பி, வீடியோ அழைப்பில் எல்லோரையும் அதற்குள் நடத்திக் காட்டினார். அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஓர் ஆச்சி சட்டென்று, "அங்ஙனதானப்பா ஆட்டுரல் கெடந்துச்சு, அதுல போயி கதவ வைக்கிறீகளே, தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?" என்று கேட்டார். எங்கள் வரைபடம் எதிலும் இல்லாத ஒரு பழைய வடிகால் அந்தக் கேள்வியிலிருந்துதான் வெளியே வந்தது. கதவை மாற்றினோம். கட்டை கட்டையாக, நிறம்கூடச் சரியாக அமையாத அந்த மாதிரிக்குள் அந்த ஆச்சியால் தம் வீட்டை அடையாளம் காண முடிந்ததை இன்றும் வியப்போடு நினைத்துப் பார்க்கிறேன்.

கண்டாங்கிக்காக ஒன்றே ஒன்று. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றி, டொராண்டோவில் ஒரு சிறு குழு உருவாக்கிய வெண்பா என்ற கேம் 2023-ல் வெளிவந்தது. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதற்கு முதல் படைப்புக்கான விருதைக் கொடுத்தது. அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து, இட்லியை எப்படி அவிப்பது என்பதை ஆடுகிறவரே கண்டுபிடிக்க வேண்டும். நம் அடுக்களையை வெளியாருக்குப் புரியட்டும் என்று நீர்த்துப்போகச் செய்யாமல், உள்ளது உள்ளபடி நுணுக்கமாகக் காட்டியதுதான் அதன் பலம் என்பது என் எண்ணம். காரைக்குடிக் கண்டாங்கி 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் அகலக் கரையையும் அடர்ந்த நிறத்தையும் நகரத்துக் கடைக்காரருக்காக மெலிதாக்கச் சொல்லி உங்களிடம் யாரேனும் கேட்டால், முடிவு எடுக்கும் முன் ஒரு மாலை இந்தக் கேமை ஆடிப் பாருங்கள். ஆடி முடிக்க அதிக நேரமும் ஆகாது.

அப்பச்சியின் வருத்தத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஆன்லைன் கேம் என்றதும் பெரியவர்களுக்கு நினைவு வருவது ரம்மியில் பணத்தை இழந்தவர்களைப் பற்றிய செய்திகள்தான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்ய மத்திய அரசு 2025-ல் சட்டமே இயற்றியிருக்கிறது. நீங்கள் ஆடுவது அது இல்லை என்பதை வாயால் விளக்குவதைவிட, ஒரு நாள் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் பிறந்த வீட்டை அவர் சொல்லச் சொல்லக் கட்டிக் காட்டுங்கள். மதியச் சமையல் முடிந்ததும் அவருடைய ஆத்தா பல்லாங்குழியும் தாயமும் ஆடியதை அவர் பார்த்திருப்பார். அதைப் பொம்மை ஆட்டம் என்று அன்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீங்களும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவில் பெட்டி திறக்கக் காசு கேட்கும் கேம், ஒரு நாள் ஆடாவிட்டால் சேர்த்ததை இழப்பாய் என்று மிரட்டும் கேம் இரண்டும் வேண்டாம். அவை உங்களை ஆடவைப்பதற்காகச் செய்யப்பட்டவை. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறையில் உள்ள தன் நோய் வகைப்பாட்டில் கேமிங் கோளாறையும் சேர்த்திருக்கிறது. நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லா வேலைக்கும் மேலாகக் கேமை வைப்பது, பாதிப்பு வந்தும் தொடர்வது ஆகியவை அதன் அடையாளங்கள். பொதுவாக 12 மாதம் அளவுக்கு இந்த நிலை நீடித்தால்தான் அதைக் கோளாறு என்கிறார்கள். பிள்ளை தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் ஆடிவிட்டு மூடிவைக்கும் நீங்கள் அந்த இடத்தில் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி உங்கள் தூக்கத்திலிருந்து போகிறதென்றால் அதை அரை மணியாக்குங்கள். பகலெல்லாம் மவுஸ் பிடித்த மணிக்கட்டுக்கு இரவிலும் அதே வேலை என்பதை மறக்க வேண்டாம்.

நேரத்தைப் பொறுத்தவரை என் யோசனை இதுதான். ஒரு மணி நேரத்தில் 45 நிமிடம் ஆடுங்கள். அலாரம் அடித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு, மீதி 15 நிமிடம் நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எதையாவது வரையுங்கள். கேமில் பார்த்ததை வரைய வேண்டியதில்லை, நன்றாக வரைய வேண்டியதும் இல்லை. இந்த 15 நிமிடத்தை விட்டுவிட்டால் கேம் நல்ல ஓய்வாக மட்டுமே இருக்கும். அதிலும் தவறில்லை, ஆனால் அதைத் தொழிற்பயிற்சி என்று கணக்கு எழுத முடியாது. நீங்கள் கேட்டீர்களே, சாக்கா உண்மையா என்று. ஆறு வாரம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இனி கானாடுகாத்தான் அறைகள். நான்கு அறைக்கு நான்கு அச்சு என்று நினைக்காதீர்கள். மைன்கிராஃப்டில் மெருகேற்றிய சுடுமண் கட்டை என்று ஒன்று 2017-லிருந்து இருக்கிறது. 16 நிறங்களில், ஒவ்வொன்றிலும் ஒருபுறம் சாய்ந்த கோலத்தோடு வரும். நீங்கள் எந்தத் திசை நோக்கி நின்று வைக்கிறீர்களோ அதற்கு ஏற்ப அந்தக் கோலம் திரும்பிக்கொள்ளும். ஒரே கட்டையை நான்கு திசையிலும் திருப்பித் திருப்பி வைத்தால், ஒரு முறை பெரிய பூவும், ஒரு முறை அலையும், ஒரு முறை கூடை முடைவதுபோன்ற பின்னலும் தரையில் விரியும். மூலைக்கு மூலை இரண்டு நிறமாகப் பிரித்த ஒரே ஒரு கல்லை வைத்து இப்படி எத்தனை தரை போடலாம் என்று பிரான்ஸைச் சேர்ந்த செபாஸ்டியன் ட்ரூஷே என்ற பாதிரியார் 1704-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இரண்டுக்கு இரண்டாக நான்கு கல்லை எடுத்துக்கொண்டால் மட்டுமே 256 விதமாக அடுக்கலாம்.

ஆகவே ஒரே அச்சு, இரண்டே நிறம், நான்கு அடுக்குமுறை என்று வைத்துக்கொண்டு அந்தக் கட்டைகளால் நான்கு தரையையும் கேமுக்குள் போட்டுப் பாருங்கள். மேலே பறந்து நின்று ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆள் உயரத்தில் வாசலில் நின்றும் ஒன்று எடுங்கள், ஏனென்றால் விருந்தினர் தரையை அந்தக் கோணத்தில்தான் பார்ப்பார். விடுதிக்காரருக்குப் பிடித்ததைக் கல்லின் உண்மை அளவில் காகிதத்தில் வெட்டி, அறையின் ஒரு மூலையில் பரப்பிச் சரிபார்த்துவிட்டு, கொடி எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதை ஒரு முறை கண்ணாடியில் பார்த்துவிட்டு, அதன் பிறகு அச்சு செய்பவரிடம் போங்கள். அடுக்குமுறையை ஒரு தாளில் எண்ணிட்டுக் கல் பதிக்கும் கொத்தனாரிடம் கொடுக்கவும் மறக்காதீர்கள். ஒரு கல் திரும்பிவிட்டால் பூ உடைந்துவிடும்.